மார்கழியில் ஒரு செம்மணற்குன்று

மங்கலம்பேட்டையை அடுத்த விருத்தாசலம் வட்டாரத்துச் செம்மண் மேடுகளையும், அவற்றின்மேல் தரையோடு தரையாகக் கிளை பரப்பிக் கிடக்கும் முந்திரித் தோப்புகளையும் பார்த்தே வளர்ந்த எனக்கு, மணற்குன்று என்ற சொல் வெகுகாலம் வரைக்கும் பள்ளிப் புத்தகத்து ஒட்டகப் படத்தின் பின்னால் தீட்டியிருந்த இரண்டு மூன்று மஞ்சள் வளைகோடுகளாகவே இருந்துவந்தது. பரங்கிப்பேட்டைக்கும் சாமியார்பேட்டைக்கும் கடலாடப் போன நாட்களில், சவுக்குத் தோப்புகளின் ஓரமாக நாங்கள் ஏறிச் சறுக்கி விளையாடிய வெளிர்மணல் மேடுகளும் காற்றுக் கொண்டுவந்து குவித்த குன்றுகளே என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். பின்னாளில் புகைப்படக் கலையில் பித்துப் பிடித்து, ஜெய்சல்மேருக்கு மேற்கே சாம் கிராமத்துக் குன்றுகளைக் குளிர்காலத்தில் படம் பிடித்து வரவேண்டுமென்று பணம் சேர்த்துக்கொண்டிருந்த சமயத்தில்தான், பாலைவனத்துக்குரிய உருவமெல்லாம் பொருந்திய செம்மணற் பரப்பு ஒன்று திருச்செந்தூருக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது என்று நண்பர் ஒருவர் சொன்னார். அவருக்கு ஊர் உடன்குடி. அவர் அதைத் தேரி என்றார்.

தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில், கடற்கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளித் திட்டுத் திட்டாகக் கிடக்கும் செம்மணற் குன்றுகளுக்குத் தேரி என்று பெயர்; அவற்றுள் பெரியவற்றில் ஒன்று குதிரைமொழித் தேரி. ஆண்டொன்றுக்கு 250 மில்லிமீட்டருக்குக் குறைவாக மழை பெறும் நிலத்தைப் பாலைவனம் என்று பூகோள நூலார் வரையறுப்பது வழக்கமாதலால், சராசரியாக 650 மில்லிமீட்டர் அளவுக்கு மழை காணும் இந்தப் பிரதேசம் சாஸ்திரப்படி பாலைவனம் ஆகாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தேரிக்கு அண்மையிலுள்ள காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, ஆண்டு மழையையும் விஞ்சிய வெள்ளம் ஊர்களை மூழ்கடித்ததை நாம் மறந்திருக்க முடியாது. ஆனால் மணற்குன்று தோன்றுவதற்கு மழையின்மை மட்டுமே காரணம் என்று எண்ணுவது பிழை. உதிர்ந்து கிடக்கும் மணல் வேண்டும். அதை ஒரே திசையிலிருந்து மாதக் கணக்கில் தள்ளும் வறண்ட காற்று வேண்டும். அக்காற்று வீசும் பருவத்தில் மணலைப் பிடித்து நிறுத்தும் புல்பூண்டு அருகியிருக்க வேண்டும். இந்த மூன்றும் கூடிய இடம் தேரி. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலைக்கு அப்பால் கேரளத்தில் பொழிந்துவிட்டு, ஆரல்வாய்மொழி, செங்கோட்டை ஆகிய கணவாய்களின் வழியே ஈரம் வற்றிய வேகத்துடன் நெல்லைச் சமவெளியில் இறங்குகிறது. முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று அதுவே.

அந்தக் காற்றுக்கு மணல் எவ்வாறு கட்டுப்படுகிறது என்பதை முறையாக ஆராய்ந்தவர் ரால்ஃப் பாக்னால்ட் என்னும் ஆங்கிலேய ராணுவ அதிகாரி. விடுமுறை நாட்களில் ஃபோர்டு மோட்டார் வண்டிகளை எகிப்து, லிபியப் பாலைவனங்களின் ஊடே ஓட்டித் திரிந்த அவர், அங்கே கண்டவற்றைக் காற்றுக் கூண்டு ஒன்றின் உள்ளே மீண்டும் நிகழ்த்திப் பார்த்து, 1941-ல் வெளியிட்ட நூலே இன்றைக்கும் இத்துறைக்கு அஸ்திவாரமாக இருக்கிறது. உலர்ந்த மணலின்மேல் காற்று மணிக்கு 20 கிலோமீட்டர் அளவு வேகத்தை எட்டும்வரை அநேகமாக எதுவும் நிகழ்வதில்லை. எட்டியதும் மணிகள் துள்ளத் தொடங்குகின்றன. மேலெழும்பிய மணி காற்றின் வேகத்தைத் தனதாக்கிக்கொண்டு சாய்வாக வந்து தரையில் மோதுகிறது. மோதிய இடத்தில் வேறு மணிகளை எழுப்புகிறது. தன்னைவிட 6 மடங்கு விட்டமும் 200 மடங்குக்கு மேல் எடையும் உள்ள பெருமணியையும் இத்துள்ளல் மணி இடித்து நகர்த்திவிடும் என்று பாக்னால்ட் கணக்கிட்டார். கடத்தப்படும் மணலில் ஏறத்தாழ முக்கால் பங்கு துள்ளியே போகிறது. மிச்சம், இடிபட்டு ஊர்ந்து போகிறது. காற்றின் வேகம் இரட்டித்தால் அது சுமக்கும் மணல் இருமடங்கன்று, எட்டு மடங்கை நெருங்குகிறது என்பது அவர் கண்ட விதிகளுள் முக்கியமானது. ஆகவே ஆண்டு முழுவதும் தவழும் இளங்காற்று செய்யாத வேலையை ஆடி மாதத்துச் சில நாட்களின் சூறைக்காற்று செய்து முடித்துவிடுகிறது.

இப்படியாயின், மணற்குன்றைப் பார்க்க ஆடியிலல்லவா போகவேண்டும், காற்று அடங்கிய மார்கழியில் போவானேன் என்று வாசகர் கேட்கலாம். நானும் அந்த நண்பரிடம் அதையே கேட்டேன். ஆடியில் தேரியில் கண்ணைத் திறக்க முடியாது என்பது ஒரு காரணம்; காமிராவின் மூட்டுக்களில் மணல் புகுந்துவிடும் என்பது இன்னொன்று. இவற்றினும் ஆழ்ந்த காரணம் ஒளியில் இருக்கிறது. உலர்ந்த மணலைக் குவித்தால் அது ஏறக்குறைய 33 பாகைச் சரிவுக்கு மேல் நிற்காமல் வழிந்துவிடும். எனவே காற்றுக்கு முதுகு காட்டும் குன்றின் சரிவுமுகம் அந்தக் கோணத்திலேயே அமைகிறது. காற்றை எதிர்கொள்ளும் முகமோ 10, 15 பாகைக்கு மேல் போகாமல் படுத்துக் கிடக்கும். சூரியன் 33 பாகைக்குக் கீழே இருக்கும்வரைக்கும் அதற்கு எதிர்ப்புறம் திரும்பிய சரிவுமுகம் முழுவதும் நிழலில் ஆழ்ந்திருக்கும். அதற்கு மேலே ஏறிவிட்டால் இரண்டு முகங்களும் வெளிச்சம் பெற்று, குன்று தட்டையாகிவிடும். தென்கோடியில் இருக்கும் தேரியில் மார்கழி மாதத்துச் சூரியன் அந்த உயரத்தை எட்ட உதயத்திலிருந்து இரண்டரை மணி நேரம் ஆகிறது. வடக்கே ஜெய்சல்மேரிலோ அதே நாட்களில் மூன்றேகால் மணி நேரம் ஆகும். அங்கே நடுப்பகலிலும் சூரியன் 40 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. தேரியில் 58 பாகை ஏறிவிடுகிறது. ராஜஸ்தானத்துப் படங்களில் பகல் முழுவதும் நிழல் நீண்டு கிடப்பதன் ரகசியம் இதுவே. நமக்குக் கிடைப்பது காலையில் இரண்டரை மணி, மாலையில் இரண்டரை மணி. அதுவே போதும்.

தொல்காப்பியர் பாலைக்கு நண்பகலையும் வேனிலையும் உரிமையாக்கியதோடு நில்லாமல் பின்பனிக் காலத்தையும் அதற்கு அளித்திருப்பது, இலக்கணம் படித்த நாட்களில் எனக்குப் பொருந்தாததாகவே தோன்றியது. வறண்ட நிலத்தில் பனிக்கு என்ன வேலை என்று நினைத்திருந்தேன்.

விருத்தாசலத்தில் இரவு ரயில் ஏறி, திருநெல்வேலியில் இறங்கி, திருச்செந்தூர் வழியாக நாங்கள் மூவர் தேரியோரம் போய்ச் சேர்ந்தபோது பிற்பகலாகிவிட்டது. குதிரைமொழித் தேரியின் பெரும்பகுதி காப்புக்காடு. அதற்குள்ளே இரவு தங்க உரிமை கிடையாது. ஆதலால் எல்லைக்கு வெளியே, நண்பரின் உறவினருக்குச் சொந்தமான பனங்காட்டில் கூடாரம் அடித்தோம். அடித்தோம் என்று சுலபமாகச் சொல்லிவிட்டேனே தவிர, உதிரி மணலில் முளை நிற்கவில்லை. இழுத்துக் கட்டிய கயிற்றோடு ஒவ்வொன்றாகக் கழன்று வந்தது. பனை ஏறுவதையே ஜீவனமாகக் கொண்ட முதியவர் ஒருவர் எங்கள் சிரமத்தைப் பார்த்து நின்றுவிட்டு, சாக்குப் பைகளைக் கொண்டுவரச் சொன்னார். ஒரு முழ ஆழத்துக்குக் குழி பறித்து, அந்த மண்ணையே சாக்கில் நிரப்பி, கயிற்றை அதிலே கட்டிக் குழிக்குள் படுக்கவைத்து மூடினார். பிறகு அது அசையவில்லை. இருட்டிவிட்டபடியால் கடைசி இரண்டு சாக்குகளை விளக்கில்லாமல் தடவித் தடவியே புதைத்தோம்.

"காத்து வந்தா தாங்குமா, அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"ஆடி மாசம் இந்தக் கூடாரத்த இங்க போட்டியள்னா விடியுமுன்ன மண்ணு மூடிரும், தம்பி. இப்பம் காத்துக்குச் சோலி கெடையாது. மண்ணு நனைஞ்சு கெடக்கு பாருங்க" என்றார் அவர்.

அவர் சொன்னதே பௌதிகமும். இரண்டு மணல் மணிகளுக்கு நடுவே மெல்லிய நீர்ப்படலம் நின்றுவிட்டால், நீரின் மேற்பரப்பு விசை அவற்றைப் பாலம்போல் இழுத்துப் பிணைத்துவிடுகிறது. எடையில் நூற்றில் ஒன்று, இரண்டு பங்கு ஈரம் இருந்தாலும் போதும், சாதாரணக் காற்றுக்கு அம்மணல் அசைந்து கொடுக்காது. பருவமழை ஓய்ந்து, இரவுதோறும் பனி இறங்கும் மார்கழியில் தேரியின் உருவம் அவ்வாறு பிணைக்கப்பட்டு நிற்கிறது. ஆடியின் வேலைப்பாட்டை அழியாமல் நின்று பார்க்கக் கிடைக்கும் காலம் அது.

பனைப் பருவம் தொடங்காத நாட்களாதலால், கருப்பட்டி காய்ச்சும் விடிலிகளில் அடுப்பு எரியவில்லை. பழைய கருப்பட்டியைத் தட்டிப் போட்டுச் சுக்குக் காப்பி வைத்துக் குடித்துவிட்டுப் படுத்தோம். நள்ளிரவு கடந்ததும் கூடாரத்தின் தரைவழியே குளிர் ஏறிற்று. உலர்ந்த மணல் வெப்பத்தைக் கடத்துவதில் மிகவும் சோம்பேறி. பகலில் மேற்பரப்பு பெற்ற சூட்டை அது கீழே கொண்டுபோவதில்லை, இரவில் கீழேயிருந்து மேலே கொண்டுவருவதுமில்லை. தெளிந்த வானத்தை நோக்கிய மேற்படலம் தன் வெப்பத்தைக் கதிர்களாக இழந்து, சுற்றியுள்ள காற்றைக் காட்டிலும் குளிர்ந்துவிட, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் பனியாகப் படிகிறது. நான்கு மணிக்கு எழுந்து வெளியே வந்து, வெறும் கையால் மணலைத் தோண்டிப் பார்த்தேன். மேலே விரல் விறைத்தது. ஒரு முழம் உள்ளே நேற்றைய வெயிலும் அதற்கு முந்திய நாட்களின் வெயிலும் இன்னமும் வெதுவெதுப்பாகவே இருந்தன. பகலிரவு மாற்றம் அவ்வளவு ஆழத்துக்கு எட்டுவதே இல்லை. பாலைக்குப் பின்பனி உரித்தான காரணம் அந்த இருட்டில் மணலுக்குள் கையை விட்டபடி உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒருவாறு விளங்கிற்று.

அருணோதயத்துக்கு முந்திய அரை வெளிச்சத்தில் தேரி சிவப்பாக இல்லை. கறுப்பாக இருந்தது. அதன்மேல் நின்ற உடைமரங்களின் இலைகளோ, மங்கலான ஒளியிலும் சாம்பல் படிந்தாற்போல் வெளுத்துத் தெரிந்தன. செக்கு நாட்டு உடலியல் அறிஞர் புர்கின்யே 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வைகறையில் பூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கவனித்த விஷயம் இது: பகலில் எல்லாவற்றையும் விடப் பளிச்சென்று தோன்றிய செந்நிறம் அரையிருளில் எல்லாவற்றுக்கும் முன்னால் கறுத்துப்போகிறது, நீலமும் பச்சையும் பின்னும் சிறிது நேரம் துலங்குகின்றன. மங்கிய ஒளியில் நாம் காண்பதற்குத் துணைசெய்யும் கண்ணுறுப்புகள் சிவப்பொளியை அநேகமாக உணர்வதில்லை என்பதே காரணம். ஆறரை மணிக்குச் சற்றுப் பின்னர், கடல் பக்கத்திலிருந்து முதற்கதிர் குன்றின் முகட்டைத் தொட்டதும், அந்தக் கறுப்பின் நெற்றியில் நெருப்பு வைத்ததுபோல் ஒரு கோடு எரிந்தது. அது கீழே இறங்க இறங்க, குன்று தன் நிறத்தை ஒவ்வொரு சாணாகப் பெற்றுக்கொண்டே வந்தது. என் கை நடுங்கியது குளிரால் மட்டுமன்று.

செம்மணலைப் படம் பிடிப்பதில் உள்ள சிக்கல் வெண்மணலில் உள்ளதற்கு நேர்மாறானது. காமிராவின் ஒளிமானி எந்தக் காட்சியையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே பாவித்து அளப்பதால், வெளிர்மணலைப் படமெடுத்தால் அது அழுக்கடைந்து விழும். அங்கே ஒளியைச் சற்றுக் கூட்டவேண்டும். தேரியிலோ, மணல் திருப்பியனுப்பும் ஒளியில் சிவப்பே மிகுதியாதலால், நடுத்தர அளவு சரியாக இருக்கையிலேயே சிவப்புப் பகுதி மட்டும் நிரம்பி வழிந்து, மணலின் மடிப்பும் வரியும் தெரியாத ஒரே செந்திரையாகப் படிந்துவிடுகிறது; இங்கே ஒளியைக் குறைக்கவேண்டும். நிழலும் வேறு வகையானது. வெண்மணலின் நிழலில் வானத்தின் நீலம் பிரதிபலித்து, நிழல் நீலமாகக் குளிர்ந்து தோன்றும். நீலத்தை விழுங்கிவிடும் செம்மணலின்மேல் வானவொளி விழுந்தும் பயனில்லை; நிழல் கருஞ்சிவப்பாய், ஆழம் தெரியாத கிணறுபோல் கிடக்கிறது. ஒளிக்கும் நிழலுக்கும் இவ்வளவு பெரிய வித்தியாசத்தை எங்கள் ஊர்ப்பக்கத்துக் கடற்கரையில் நான் ஒருநாளும் கண்டதில்லை.

சாய்வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு காற்றுகளின் வேலை தெரிந்தது. பெரிய குன்றுகளின் அமைப்பு மேற்கே சாய்ந்து கிழக்கே சரிவது, ஆடிக் காற்றுக்கு உரியது. அதன்மேல், மரமில்லாத திறந்த முகடுகளில், மேலாக உலர்ந்த ஒரு விரற்கடை மணலில் மட்டும், வாடைக் காற்று முந்தின நாள் பிற்பகலில் இழைத்த நுண்ணிய அலைவரிகள் வேறு திசையில் ஓடின. அந்த வரிகளின் முகட்டில் பருமணலும் பள்ளத்தில் நுண்மணலும் பிரிந்து நிற்பதைப் பெரிதாக்கும் கண்ணாடியில் பார்க்கலாம். துள்ளும் மணிகள் இடித்துத் தள்ளிய பருமணிகள் முகட்டில் போய்த் தங்கிவிடுவதால் நேர்வது அது. வண்டொன்று இரவில் நடந்துபோன தடம் அந்த வரிகளைக் குறுக்கே வெட்டி, ஒரு கொல்லாமரத்தின் அடியில் முடிந்தது. எங்கள் ஊரில் முந்திரி என்கிற மரமே அங்கே கொல்லாமரம். போர்ச்சுக்கீசியர் இந்நாட்டுக்குக் கொண்டுவந்த அம்மரம், எங்கள் செம்மேட்டில் பிழைப்புக்காகவும், தேரியில் மணலைப் பிடித்து நிறுத்துவதற்காகவும் வேர்விட்டு, இரண்டு ஊர்களிலும் ஒரே நிறத்து மண்ணில் நிற்பதைக் கண்டு, தூரத்து உறவினர் வீட்டில் நம் வீட்டு ஜாடையைக் காண்பதுபோல் மகிழ்ந்தேன்.

நிறம் ஒன்றே ஆயினும் வரலாறு ஒன்றன்று. எங்கள் செம்மண் கடலூர் மணற்பாறை என்று புவியியலார் வழங்கும் பாறைத்தொகுதி சிதைந்து உண்டானது; நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி கிடப்பதும், திருவக்கரையில் மரங்கள் கல்லாகிக் கிடப்பதும் அத்தொகுதியில்தான். தேரியின் வயது அதற்கு முன்னால் நேற்றுப் பிறந்த குழந்தையின் வயது. கடற்கரை மணல் வெளிறியிருக்க, காலாற நடந்தால் எட்டிவிடும் தூரத்தில் இருக்கும் தேரி மணல் சிவந்திருப்பானேன்? தேரி மணலின் பெரும்பகுதி குவார்ட்ஸ் என்னும் பளிங்கு மணிகள். அவற்றினூடே இரும்பு கலந்த கனமான கனிம மணிகளும் உண்டு. மழைக்காலத்து ஈரம் அக்கனிமங்களைச் சிறிது சிறிதாகச் சிதைத்து இரும்பை வெளிப்படுத்த, வெயில்காலத்து வறட்சியில் அது ஹேமடைட் என்னும் செந்துருவாக ஒவ்வொரு பளிங்கு மணியின்மேலும் மெல்லிய மேற்பூச்சாகப் படிகிறது. இதற்கு நனைவதும் காய்வதும் வேண்டும், நெடுங்காலமும் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக, மணல் ஓரிடத்தில் அசையாது கிடக்கவேண்டும். மணிகள் ஓயாமல் ஒன்றோடொன்று மோதிக்கொண்டே இருந்தால் பூச்சு தேய்ந்துபோகும். ஆகவே தேரியின் சிவப்பு என்பது, ஒருகாலத்தில் ஓடித் திரிந்த மணல் பின்னர் நெடுநாள் ஓய்ந்து கிடந்ததன் அடையாளம். மேற்படலம் ஆடிதோறும் புரண்டாலும் உடல் பெரும்பாலும் உறங்குகிறது.

அந்த உறக்கத்துக்கு முன்பே மனிதர் அங்கே வந்துவிட்டனர். புவியியல் அறிஞர் புரூஸ் ஃபூட் 19-ஆம் நூற்றாண்டிலேயே தேரிகளின் புவியியலை எழுதினார். சாயர்புரம், மெய்ஞ்ஞானபுரம் முதலிய இடங்களின் தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளைத் தொல்லியல் அறிஞர்களான ஸாய்னரும் பிரிட்ஜெட் ஆல்சினும் ஆராய்ந்து 1956-ல் விரிவான கட்டுரை வெளியிட்டனர். விரல்நுனியளவே உள்ள பளிங்கு, சக்கிமுக்கிக் கல் சில்லுகள். அம்பின் முனையிலும் ஈட்டியின் ஓரத்திலும் பதிக்கத்தக்கவை. கருவிகள் பலவற்றின்மேல் தேரியின் செங்கறை ஏறியிருந்தமையால், அவற்றைச் செய்தவர்கள் குன்று முழுதும் சிவந்து முடியும் முன்னரே அங்கே வாழ்ந்தவர்கள் என்று ஊகிக்க இடம் உண்டாயிற்று.

ஊகத்தை நிர்ணயமாக்க வந்த முறை, புகைப்படம் எடுப்பவனாகிய என்னை மற்ற எதைக் காட்டிலும் ஆச்சரியத்தில் ஆழ்த்தியது. மண்ணிலும் பாறையிலும் இயல்பாகவே உள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிர்வீச்சு, புதைந்து கிடக்கும் பளிங்கு மணியின் உள்ளே எலெக்ட்ரான்களை இடம்பெயர்த்து, படிகத்தின் குறைகளில் சிக்கவைக்கிறது. ஆண்டுக்கு ஆண்டு இச்சேமிப்பு வளர்கிறது. மணியின்மேல் வெயில் பட்டாலோ, சில நிமிஷங்களுக்குள் சேமிப்பு முழுவதும் கரைந்து, கணக்கு பூஜ்யத்துக்குத் திரும்புகிறது. ஆகவே குன்றின் உள்ளிருந்து வெளிச்சம் படாமல் எடுத்த மணியைச் சோதனைச்சாலையில் சூடாக்கினாலோ, அளந்த ஒளியைப் பாய்ச்சினாலோ, அது தான் சேர்த்துவைத்ததை மெல்லிய ஒளியாக உமிழும்; அதை அளந்தால் அம்மணி எத்தனை காலம் இருளில் கிடந்தது என்று சொல்லிவிடலாம். புகைப்படத் தகடு ஒளியைப் பதிவுசெய்கிறது. மணல் மணி இருளைப் பதிவுசெய்கிறது. அகமதாபாத்திலுள்ள பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த சிங்வியும் உடன் ஆராய்ந்தவர்களும் ராஜஸ்தானத்து மணற்குன்றுகளுக்கு இம்முறையால் வயது கணித்து 1982-ல் வெளியிட்டது, உலகெங்கும் பாலைவன ஆராய்ச்சிக்குப் புதுவழி காட்டிற்று. தேரிகளுக்கும் பின்னர் இவ்வகைக் கணக்கு செய்யப்பட்டு, பனியுகத்தின் உச்சம் தணிந்த பிறகான ஆயிரமாண்டுகளில் அவற்றின் மணல் குவிந்தது என்பது தெளிவாயிற்று. எஃகுக் குழாயை மணற்சுவருக்குள் அடித்து, இரு வாயையும் மூடிக் கொண்டுபோய், மங்கிய செவ்விளக்கு மட்டும் எரியும் அறையில் அதைத் திறக்கிறார்கள். பிலிம் கழுவிய காலத்தில் நாங்கள் வைத்திருந்த இருட்டறையிலும் அதே செவ்விளக்குத்தான் எரிந்தது.

இதைத் தெரிந்துகொண்ட பின்னர், தேரி ஓரங்களில் மண்ணை வாரிய குழிகளைக் காணும்போது எனக்கு வயிறு எரிகிறது. கட்டடம் எழுப்புகிறவனுக்கு அது நிரப்புமண். ஆனால் ஒரு லாரி மண்ணைப் பகல் வெளிச்சத்தில் கொட்டும்போது, கோடிக்கணக்கான மணிகள் தாங்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்த்திருந்த கணக்கை ஒரே முற்பகலில் இழந்துவிடுகின்றன. எந்தச் சோதனைச்சாலையும் அதை மீட்க முடியாது. கார்த்திகைக் கடைசியில் தேரியிலுள்ள கற்குவேல் ஐயனார் கோயிலில் கள்ளர் வெட்டு என்னும் சடங்கு முடிந்ததும், இளநீர் சிந்திய தேரி மண்ணை ஒரு பிடி எடுத்து முடிந்துகொண்டு போகும் பக்தர்கள், வீட்டில் அதைப் பிரசாதமாகப் போற்றி வைத்துக்கொள்கிறார்கள். மண்ணுக்கு எவ்வளவு மரியாதை செய்யவேண்டும் என்பது பற்றி அவர்களுக்கு இருக்கும் தெளிவு சட்டத்தைக் கையில் வைத்திருப்பவர்களுக்கும் வரவேண்டும் என்பதே என் பிரார்த்தனை.

மூன்று நாள் தங்கிவிட்டு, விடியுமுன் இருட்டிலேயே கூடாரத்தைப் பிரித்து, சாக்குகளைத் தோண்டியெடுத்துக் கொட்டி, சுருட்டிக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினோம். தைப் பொங்கல் கழிந்த ஒரு நண்பகலில், மங்கலம்பேட்டையில் எங்கள் வீட்டுப் பின்கட்டு முந்திரியின் பக்கத்தில் நின்று, அந்தச் சாக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்து உதறினேன். இரண்டாவது சாக்கின் தையல் மடிப்பில் ஒரு பிடி ஈரமண் ஒட்டிக்கொண்டு, ஒரு முழ ஆழத்திலிருந்து இருட்டில் அள்ளியபடியே, வெளிச்சம் காணாமல் வந்து சேர்ந்திருந்தது. கவனிப்பதற்குள் அது எங்கள் செம்மண்ணின்மேல் உதிர்ந்துவிட்டது. நிறம் ஒன்றாக இருந்தபடியால் எது தேரி மண், எது எங்கள் மண் என்று பிரித்தெடுக்க முடியவில்லை. குனிந்து தேடிக்கொண்டிருந்த சில நிமிஷங்களுக்குள்ளேயே உச்சி வெயில் அதன்மேல் தன் வேலையை முடித்துவிட்டிருக்கும்.